மரப் பராமரிப்புக் கல்விக்கும் ஆய்வுக்கும் நிதி: பாலக்காட்டு எல்லைத் தமிழ் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் பகுதிகளிலிருந்து மரங்களைப் பற்றிப் படிக்க விரும்பி வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "சார், மரத்துக்குன்னே ஏதாவது ஸ்காலர்ஷிப் இருக்குங்களா?" அந்தப் பெயரில் தேடினால் இந்தியாவில் ஏறக்குறைய ஒன்றும் அகப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலை நாடுகளில் தனித் தொழிலாகவும் தனிப் படிப்பாகவும் வளர்ந்துவிட்ட மரப் பராமரிப்பு, நம் பல்கலைக்கழகங்களில் வனவியல், தாவரவியல், தோட்டக்கலை, பயிர் நோயியல் என்று நான்கு வீடுகளில் பாகம் பிரிந்து கிடக்கிறது. பணமும் அந்தந்த வீட்டுப் பெயரில்தான் வருகிறது. ஆகவே தேடலை அந்த நான்கு பெயர்களிலிருந்து தொடங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று உண்டு. ஏறக்குறைய எல்லா உதவித்தொகையும் விண்ணப்பத்தின் ஏதோ ஒரு மூலையில் "நீ எந்த மாநிலத்துக்காரன்?" என்று கேட்கிறது. அம்மா பொள்ளாச்சியில் பிறந்து, அப்பா பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவில் நிலம் வைத்து, பிள்ளை பத்தாம் வகுப்புவரை இங்கே தமிழ்வழியில் படித்து, மேல்நிலையைக் கோயம்புத்தூரில் சித்தி வீட்டிலிருந்து முடிக்கிற குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பிள்ளைக்கு அக்கேள்விக்கான பதில் ஒன்றாக இராது. மதிப்பெண் குறைந்து வாய்ப்பை இழந்தவர்களை விட, இந்தக் கேள்விக்குத் தவறான இடத்தில் தவறான பதிலை எழுதி இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதற்படி: காகிதங்கள்

"எந்த மாநிலம்" என்ற கேள்வி நான்கு வேடங்களில் வரும். பன்னிரண்டாம் வகுப்பை எந்த வாரியத்தில் முடித்தீர்கள் என்பது ஒன்று. இருப்பிடச் சான்று எந்த மாநிலத்தது என்பது இரண்டு. உங்கள் சாதி எந்த மாநிலப் பட்டியலில் எந்த வகுப்பில் இருக்கிறது என்பது மூன்று. சேரப்போகும் கல்லூரி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது நான்கு. ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதி, எதிரே உங்கள் பதிலையும் அதற்கான சான்றிதழ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் திட்டம் எந்த வேடத்தைப் பார்க்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதித் திட்டங்கள் தாமே கழிந்துபோகும். மீதியில் உழைப்பைச் செலவிடலாம்.

மூன்றாவது வேடம்தான் மிகவும் வலிக்கும். பட்டியல் சாதிகளை 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மாநிலம் மாநிலமாகவே வரிசைப்படுத்துகிறது. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் அப்படியே. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கிற ஒரு சமூகம் கேரளப் பட்டியலில் இல்லாமலிருக்கலாம். இருந்தாலும், குடும்பம் எப்போது இங்கே வந்தது என்ற கேள்வி எழும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் தம் பழைய பட்டியல் நிலையைக் கூடவே எடுத்துச்செல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டிலேயே உறுதிசெய்துவிட்டது. தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் 1950க்கு முன்பே இங்கே வாழ்ந்ததற்கான ஆவணம் கேட்கப்பட்டுச் சாதிச் சான்றுக்காக அலைந்த கதை ஊரறிந்தது. உங்கள் தாத்தாவின் பழைய நிலவரி ரசீதோ, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலோ, தோட்டத்து வேலைப் பதிவோ வீட்டுப் பெட்டியில் இருந்தால், விண்ணப்ப அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே எடுத்து வில்லேஜ் ஆபீசுக்குப் போங்கள். சான்றுக்கான கோரிக்கையைத் தமிழிலேயே எழுதித் தரலாம்; மொழிச் சிறுபான்மையினரான தமிழர்களும் கன்னடர்களும் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. இந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியபோது "சாமி" என்பது "ஸ்வாமி" ஆகிவிட்டது. ஆதாரில் "சாமி"யாகவே நின்றது. வங்கிக் கணக்கிலோ அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகலை படித்தபோது எனக்கு ஒப்புதலான முதலாண்டு உதவித்தொகை, இந்த மூன்று பெயருக்கும் நடுவில் சிக்கி வந்த வழியே திரும்பிப் போயிற்று. காரணம் இன்னதென்று தெரிந்துகொள்ளவே ஏழு மாதம் பிடித்தது. எஸ்.எஸ்.எல்.சி. பெயரைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே கடினம் என்பதால், அதையே மூலமாக வைத்துக்கொண்டு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப எழுத்துக்கு எழுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு வங்கிக்குச் சென்று, அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டுள்ளதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பதும், அரசுப் பணம் வந்துசேரும் கணக்காக அது குறிக்கப்பட்டிருப்பதும் வெவ்வேறு என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாம் படி: பட்டப்படிப்பின் வாசல்

வனவியல் இளங்கலைக்கு நமக்கு எட்டும் தொலைவில் இரண்டு இடங்கள் இருக்கின்றன: கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் திருச்சூருக்கு அருகே வெள்ளானிக்கரையில் உள்ள வனவியல் கல்லூரி ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் மற்றொன்று. முன்னதற்குக் கேரள நுழைவுத்தேர்வு ஆணையரின் பட்டியல் வழியாகச் செல்ல வேண்டும். அந்தப் பட்டியல் நீட் மதிப்பெண்ணை வைத்தே தயாராகிறது. மரம் படிக்க நீட் எதற்கு என்று கேட்டுக்கொண்டே அதை எழுதாமல் விட்டவர்கள் உண்டு, விடாதீர்கள். பின்னதில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கான சேர்க்கை மேல்நிலை மதிப்பெண்ணைக் கொண்டது.

எல்லையில் இருப்பதே இலாபமாக முடிகிற ஓர் இடமும் இருக்கிறது. மாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் இடங்களில் ஒரு பங்கை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அகில இந்திய அளவில் நிரப்புகிறது. 2023 முதல் இளங்கலைக்கு இது க்யூட் என்னும் பொது நுழைவுத்தேர்வின் வழியாக நடக்கிறது. இந்த வழியில் தம் சொந்த மாநிலத்துக்கு வெளியே சேர்கிறவர்களுக்கு அக்கழகம் தேசியத் திறன் உதவித்தொகையை மாதாமாதம் தருகிறது. இருப்பிடச் சான்று பாலக்காட்டைச் சேர்ந்ததாக இருந்தால், ஒரே நாளில் பஸ்ஸில் போய்த் திரும்பிவிடக்கூடிய மேட்டுப்பாளையமும் விதிப்படி "வெளிமாநிலம்"தான். பீகாரிலிருந்து வருகிற மாணவருக்குக் கிடைக்கும் அதே தொகை, வாளையாரைத் தாண்டிப் போகிற உங்களுக்கும் கிடைக்கும். கோயம்புத்தூர் முகவரிக்காரர் வெள்ளானிக்கரைக்கு இதே வழியில் வந்தாலும் அப்படியே.

வனவியல் கிடைக்காவிட்டால் தாவரவியல் இருக்கிறது. பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரி போன்ற இடங்களில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு மர ஆய்வுக்கு வந்தவர்கள் பலர். இந்த வழியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகையை முதலில் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை இயற்கை அறிவியலைப் பாடமாக எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 கையில் வரும், மீதி 20,000 கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்குரியது. தாவரவியல் இதில் அடங்கும். வனவியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகள் அடங்கா. ஆகவே இரண்டு இடமும் கையிலிருக்கும் மாணவர், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கோடைப் பயிற்சியை மர ஆய்வு நடக்கும் நிறுவனம் ஒன்றில் செய்தால் பின்னர் அது பெரிதும் உதவும்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் உள்ள மத்தியத் துறை உதவித்தொகை மேற்சொன்னதைப் போல அத்தனை உயரத்தில் இல்லை. வாரியத் தேர்ச்சியில் மேல் 20 சதவீதத்துக்குள் இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு இளங்கலையில் ஆண்டுக்கு 12,000, முதுகலையில் 20,000 ரூபாய். இதில் வாரியம்தான் கணக்கு: வீடு கொழிஞ்சாம்பாறையில் இருந்தாலும் மேல்நிலையைத் தமிழ்நாட்டில் முடித்தவர் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில்தான் வருவார். புதுப்பித்தலுக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை. விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். கல்லூரியின் பொறுப்பு அலுவலர் தம் கணக்கில் நுழைந்து சரிபார்த்தால்தான் அது மேலே நகரும். கடைசி வாரத்தில் அவர் மேசையில் நூறு விண்ணப்பங்கள் குவிந்திருக்கும் என்பதால், முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டு ஒருமுறை நேரில் போய் நினைவூட்டுவது நல்லது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 இலட்சம், மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் பணம் தருகின்றன. எங்கே படித்தாலும் இதைத் தருவது சொந்த மாநிலமே. ஆகவே கேரளச் சான்றுள்ளவர் கோயம்புத்தூரில் படித்தாலும் கேரளத்தின் உதவித்தொகை இணையதளமான இ-கிராண்ட்ஸ் வழியாகவே கேட்க வேண்டும். அக்ஷயா என்னும் அரசு இணையச் சேவை மையத்தில் பதிவு செய்யும்போது கல்லூரி வெளிமாநிலத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவதைக் கேள்விப்பட்டு இங்குள்ள தமிழ்வழிப் பள்ளி மாணவர்கள் ஆசையோடு வருவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. கேரளத்துத் தமிழ்வழி அதில் சேராது.

மூன்றாம் படி: ஆய்வுக்குள் நுழைதல்

முதுகலைக்குப் பிறகு மாதச் சம்பளம் போலப் பணம் வரும் வழி, இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வை உயிர் அறிவியலில் எழுதி அதைப் பெற்றவருக்கு முதல் இரண்டாண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். இது 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வீதம். பல்கலைக்கழக அளவில் முதுகலையில் முதலிடம் பெற்றவர்கள் இன்ஸ்பயர் ஆய்வாளர் உதவித்தொகைக்கும் போட்டியிடலாம்.

தேர்வில் தேறாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது; என் அனுபவத்தில் எல்லையோரப் பிள்ளைகளுக்கு இதுவே அதிகம் கைகொடுத்திருக்கிறது. பீச்சியில் 1975இல் தொடங்கிய கேரள வன ஆராய்ச்சி நிறுவனமும், கோயம்புத்தூரில் 1988இல் அமைந்த வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும் நடந்துகொண்டிருக்கும் ஆய்வுத் திட்டங்களுக்குத் திட்ட உதவியாளர், திட்ட ஆய்வாளர் என்று தற்காலிகப் பணியாளர்களை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. அறிவிப்பு வருவதும் நேர்காணல் நடப்பதும் அடுத்தடுத்து முடிந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை அவற்றின் இணையதளங்களைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஓராண்டோ இரண்டாண்டோ அங்கே வேலை செய்கிறவர், கருவிகளைக் கையாளப் பழகுவதோடு, தமக்கான வழிகாட்டி ஆசிரியரையும் அடையாளம் கண்டுகொள்வார். கோயம்புத்தூர் நிறுவனத்துக்குப் போகும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதே வளாகத்தில் உள்ள, 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். மரக்கட்டையின் குறுக்குவெட்டைப் பார்க்காமல் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று எழுதுவது கடினம்.

இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பக்கத்து மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கேரளத்தில் இயற்கையாக வளர்ந்த சந்தனம் பெருமளவில் எஞ்சியிருப்பது உங்கள் ஊரில்தான். 1899இல் குடகில் முதலில் பதிவான சந்தனக் கதிர்நோய், இலைத்தத்திப் பூச்சிகள் கொண்டுசெல்லும் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வருவது. அது மறையூரையும் விட்டுவைக்கவில்லை. பெங்களூரின் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் சந்தன ஆய்வுக்குப் பெயர்பெற்றது. ஊர் மரத்தைப் பற்றி ஊர்க்காரர் வைக்கும் கேள்விக்குத் தேர்வுக் குழுவில் தனி மதிப்பு உண்டு. அதைக் கேட்க நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

நான்காம் படி: ஆய்வுக் கருத்துரு எழுதுதல்

இதுதான் நிதி கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கும் வேலை என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். போன ஆண்டு ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்த முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மரங்கள் மனிதகுலத்தின் நண்பர்கள். சாலையோர மரங்களைப் பாதுகாப்பது நம் கடமை. இந்த ஆய்வு சித்தூர் தாலூக்காவின் சாலையோர மரங்களின் ஆரோக்கியத்தை ஆராயும்." மூன்று வாக்கியத்திலும் பிழை ஏதுமில்லை, ஆனால் பணம் கொடுப்பவர் கேட்க விரும்புவது எதுவும் அவற்றில் இல்லை. எத்தனை மரம், எந்த நோய், எதை அளப்பீர்கள், அளந்து என்ன தெரியப்போகிறது என்பவற்றில் ஒன்றுகூட அவற்றில் கிடையாது.

நான் அவளைக் கூட்டிக்கொண்டு கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே போகும் சாலையோரத்தில் இருந்த ஒரு புளியமரத்தடிக்குப் போனேன். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று எப்போதோ ஒரு பெருங்கிளையைத் தண்டோடு தண்டாக ஒட்டச் சீவியிருந்தார்கள். நெஞ்சு உயரத்தில் முட்டை வடிவப் புண். மேல்கீழாக ஒரு முழம் இருக்கும். இருபுறமும் புதிய மரம் உதடுபோலச் சுருண்டு வந்திருந்தது. ஆனால் அடியில் பட்டை செத்து வெடித்து, உதடு அங்கே கூடவே இல்லை. நடுவில் பூசியிருந்த தார் கறுத்துப் பாளம் பாளமாக உரிந்து, விரல் நகத்தால் அழுத்தினால் கட்டை ரொட்டியைப் போல அமுங்கியது. மரச்சுத்தியால் தட்டியபோது ஓரத்தில் "டக்" என்றும் நடுவில் "டொப்" என்றும் கேட்டது. அடுத்த மரத்தில் அதே போன்ற ஒரு கிளையைத் தண்டை விட்டுச் சற்றுத் தள்ளி வெட்டியிருந்தார்கள். அங்கே உதடு முழு வட்டமாகச் சுற்றி வந்து, புண் ஏறக்குறைய மூடியிருந்தது.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்திருக்கும் வளையத்தைக் கிளைக் கழுத்து என்று சொல்லலாம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, மரம் நம் தோலைப் போலப் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, அழுகலைச் சுற்றிச் சுவரெழுப்பி உள்ளேயே அடைத்துவிடுகிறது என்று விளக்கினார். 1977இல் வெளியான அவரது விளக்கமே இன்றைய மரப் பராமரிப்பின் அடித்தளம். அந்தக் கழுத்தைச் சீவிவிட்டால் சுவரெழுப்பும் திசுவும் போய்விடுகிறது. தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. அவர் அறுத்துப் பார்த்தவை அமெரிக்க மரங்கள். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றில் நிற்கும் நம் புளியமரம் எவ்வளவு வேகத்தில் புண்ணை மூடுகிறது என்ற கேள்விக்கு இங்கேதான் விடை தேட வேண்டும்.

அவளது இரண்டாவது வரைவு இப்படி மாறியது: "சாலையோரப் புளியமரங்களில் கிளைக் கழுத்தை விட்டு வெட்டிய புண்களும் ஒட்டச் சீவிய புண்களும் மூடும் வேகத்தில் வேறுபடுகின்றனவா? இரு வகையிலும் முப்பது முப்பதாக 60 புண்களைத் தேர்ந்து, மரத்தின் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் அளந்து, ஒவ்வொரு புண்ணிலும் புதிய மர விளிம்பின் அகலத்தை நான்கு திசைகளிலும் தொடக்கத்திலும், ஆறாம் மாதத்திலும், பன்னிரண்டாம் மாதத்திலும் பதிவு செய்வேன். முடிவு, கிளை வெட்டும் தொழிலாளர்களுக்கான ஒரு பக்கத் தமிழ், மலையாளக் குறிப்பாக வெளியாகும்." இதில் கேள்வி ஒன்று, எண் ஒன்று, காலம் ஒன்று, பயன் ஒன்று இருக்கின்றன. தேர்வுக் குழுவினர் இதைப் படித்துவிட்டுக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். கேட்கட்டும், அப்படியென்றால் அவர்கள் படித்திருக்கிறார்கள்.

செலவுத் திட்டத்தையும் இதே நெருக்கத்தில் எழுத வேண்டும். "பயணச் செலவு" என்று மொத்தமாக ஒரு தொகையைப் போடாமல், எத்தனை முறை, எத்தனை கிலோமீட்டர், எந்த வண்டி என்று பிரித்துக் காட்டுங்கள். மரத்துக்குள் ஊசி செலுத்தி அழுகலை அளக்கும் கருவியின் விலையைப் பார்த்துவிட்டு அதை வாங்கவே பணம் கேட்கிற மாணவர்கள் உண்டு. சிறு நிதியில் அது நடக்காது. கருவி இருக்கும் நிறுவனத்திடம் இரண்டு நாள் பயன்படுத்த இசைவுக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்தால் செலவும் குறையும், உங்களுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிற்பதும் தெரியும். மரமேற ஆள் கூலி, கயிறு, தலைக்கவசம், விபத்துக் காப்பீடு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். பனையேறிகள் வாழும் ஊரில் வளர்ந்த நமக்கு மரமேறுவது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் பாதுகாப்புக்கென ஒரு வரி எழுதாத கருத்துருவை நான் பொறுப்பற்றதாகவே கருதுகிறேன்.

அனுமதிக்கான காலத்தையும் திட்டத்தில் சேருங்கள். சாலையோர மரத்துக்கு ஒரு துறை, காட்டு மரத்துக்கு வேறு துறை. காட்டுக்குள் போவதாக இருந்தால் எந்த மாநிலத்துக் காடோ அந்த மாநில வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். பரம்பிக்குளத்தில் நிற்கும் பழம்பெரும் தேக்கு மரமான கன்னிமாராவைப் பார்க்கப் போகிறவர், மரம் கேரளத்தில் நின்றாலும், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டு ஆனைமலைக் காட்டைக் கடந்தே போயாக வேண்டும். அந்த ஒரு மரத்தை ஆராயக்கூட இரண்டு மாநில அலுவலகங்களின் படி ஏற நேரலாம். ஓராண்டு ஆய்வில் முதல் நான்கு மாதங்களை இதற்கென்று வைத்துவிட்டு மீதியைத் திட்டமிடுவது என் வழக்கம்.

ஐந்தாம் படி: வெளிநாட்டு நிதி

மரப் பராமரிப்பு ஆய்வுக்கென்றே நிதி தரும் அமைப்புகளில் பெயர்பெற்றது, அமெரிக்காவின் ட்ரீ ஃபண்ட். இரண்டு பழைய அறக்கட்டளைகள் 2002இல் இணைந்து உருவானது அது. மரத் தொழிலாளர்களும் ஆர்வலர்களும் ஆண்டுதோறும் நடத்தும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தின் வழியாகவும் அதற்குப் பணம் திரளுகிறது. வேரும் மண்ணும், நடவு, மர நலம், ஆபத்து மதிப்பீடும் தொழிலாளர் பாதுகாப்பும், நகர வனவியல் ஆகியவை அதன் முன்னுரிமைகள். ராபர்ட் ஃபெலிக்ஸ், ஜான் ரைட் ஆகியோர் பெயரிலான உதவித்தொகைகள் மாணவர்களுக்கு. ஹைலண்ட் ஜான்ஸ், ஜான் டியூலிங், ஜாக் கிம்மல் ஆகியோர் பெயரிலான நல்கைகள் ஆய்வுக்கு. டியூலிங் நல்கை புதிய சோதனைகளுக்கான வித்துப் பணம். மாணவர் உதவித்தொகை அறிவிப்புகளில் எந்த நாட்டுக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்ற வரியை முதலில் படியுங்கள். அங்கே நீங்கள் கழிந்துவிட்டால் மேற்கொண்டு நேரம் செலவிட வேண்டாம். எது எப்படியாயினும், நிதி பெற்ற ஆய்வுகளின் சுருக்கங்களை அது வெளியிடுகிறது. நல்ல ஆய்வுக் கேள்வி எப்படி அமைய வேண்டும் என்று கற்க அதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை.

அழியும் நிலையிலுள்ள மர இனத்தைப் பற்றியது உங்கள் ஆய்வு என்றால் மேலும் மூன்று வாசல்கள் திறக்கின்றன: தொடக்க நிலைப் பாதுகாப்பு ஆர்வலர்களுக்குச் சிறு நல்கை தரும் பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை, அதிகபட்சம் 25,000 டாலர் தரும் முகமது பின் சயீத் இனப் பாதுகாப்பு நிதி, அழியும் மரங்களுக்கென்றே இயங்கும் சுவிட்சர்லாந்தின் ஃபிராங்க்ளினியா. சந்தனம், அழியும் இனங்களுக்கான பன்னாட்டுச் செம்பட்டியலில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனமாக இருப்பதால் மறையூர் மாணவர் இவற்றைப் பார்க்கலாம். புளியமரத்துக்கு இங்கே இடமில்லை. வெளிநாட்டில் முதுகலை படிக்க எண்ணுவோருக்கு ஜெர்மனியின் தாராண்டில் 1811 முதல் வனவியல் கற்பிக்கும் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல வனவியல் படிப்பு உண்டு. அதற்குரிய, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகைக்குப் பட்டத்துக்குப் பின் இரண்டாண்டு வேலை அனுபவம் தேவை. மூன்றாம் படியில் சொன்ன திட்டப் பணி இங்கே கணக்குக்கு வரும்.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. மாணவர் தம் படிப்புக்குப் பெறும் உதவித்தொகை, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் விலக்குப் பெற்றது. ஆனால் ஓர் அறக்கட்டளைக் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ ஆய்வு நல்கையைப் பெற வேண்டுமானால் அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும், ஒரு நிறுவனம் பெற்றதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்கவும் முடியாது. சட்டமன்றச் சட்டத்தால் அமைந்து, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கட்டாயத் தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு இதிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஒருவரை முதன்மை ஆய்வாளராகக் கொண்டு விண்ணப்பிப்பது நடைமுறையில் எளிது.

பட்டம் வேண்டாதவர்களுக்கு

மரப் பராமரிப்புக் கல்வி என்றாலே பல்கலைக்கழகம் என்று ஆகிவிடக் கூடாது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய தென்னை மர நண்பர்கள் பயிற்சி, இயந்திரத்தின் உதவியோடு மரமேறவும், மட்டை கழிக்கவும், குருத்தழுகலையும் சிவப்புக் கூன்வண்டையும் அடையாளம் காணவும் கற்றுத்தருகிறது. பயிற்சி பெற்றவர்கள் வாரியத்தின் கேர சுரக்ஷா விபத்துக் காப்பீட்டிலும் சேரலாம். தென்னைக்கும் பனைக்கும் வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். குருத்துப் போனால் மரம் போயிற்று. இதை வகுப்பறையில் படித்தவரை விடக் கையால் தொட்டுத் தெரிந்தவர் உங்கள் ஆய்வுக் குழுவில் இருந்தால் நல்லது. அவருக்கான கூலியைச் செலவுத் திட்டத்தில் தொழில்நுட்ப உதவி என்ற தலைப்பில் மதிப்போடு எழுதுங்கள்.

பணம் வந்த பிறகு

அரசு ஆய்வு நிதியின் முதல் தவணை வந்த நாளிலிருந்தே ஒரு தனி நோட்டுப் போடுங்கள். ஆண்டு முடிவில் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று தராவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். நம் ஊரில் ஏணி வாடகைக்கும், கயிறு பிடித்த ஆளுக்கும், சுமை ஆட்டோவுக்கும் யாரும் பில் தர மாட்டார்கள். அச்சிட்ட வவுச்சர் புத்தகம் ஒன்றைப் பையிலேயே வைத்திருந்து, தேதி, வேலை, தொகை, ஆதாரிலுள்ள பெயர் எல்லாவற்றையும் அவர் கண்முன்னே எழுதி, கையெழுத்தையோ பெருவிரல் ரேகையையோ மரத்தடியிலேயே வாங்கிவிடுங்கள். சாயங்காலம் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்ட வவுச்சர்களுக்குத்தான் தணிக்கையில் நான் என் கைக்காசைக் கட்டியிருக்கிறேன்.